குழாய் மாட்டாத மெஷின்

பிப்ரவரி 6

அக்கா,

போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய். பின்னாலிருந்து மாமா வேறு "அதக் கேளு, அதக் கேளு" என்று எடுத்துக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோபித்துக்கொண்டு போனை வைத்தது நீ, நான் இல்லை. அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதல் விஷயம்: உன் கடைக்கு ஏஜென்சி கொடுக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்யமாட்டேன். நான் வேலை பார்ப்பது சோதனைக் கூடத்தில். மெஷின் எவ்வளவு குலுங்குகிறது, கதவைத் திறந்து திறந்து மூடினால் எப்போது கழன்று விழுகிறது என்று பார்ப்பது என் வேலை. எங்கள் வாஷிங் மெஷினை நம் ஊரில் யார் விற்பது என்று முடிவு செய்பவர்கள் மூன்று மாடி மேலே இருக்கிறார்கள். லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவேன், அவ்வளவுதான் பழக்கம்.

நீ கேட்டது, அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. இங்கே ஒரு படத்தைத் திரையில் போட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். நம் நாட்டு நடுத்தர வர்க்கம் அதில் ஒரு கோடாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கோடு தெருவிலும் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வருவார். வீடு வீடாகப் போய், என்னென்ன சாமான் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று போட்டோ எடுப்பார். ஏற்கெனவே வாங்கியவர்கள்தான் இனியும் வாங்குவார்கள் என்பது இவர்கள் எண்ணம். அப்படிப்பட்ட தெருவில் இருக்கும் கடைக்குத்தான் ஏஜென்சி.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 12

திருப்புளிக்கு,

கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டதால் சின்ன வயதில் உனக்கு வைத்த பெயர். இப்போது அக்காவையும் கழற்றிப் போட்டு எழுதுகிறாய். நன்றாக இரு.

சிபாரிசா கேட்டேன்? உன் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது என்று கூப்பிட்டேன், கூடவே இதையும் கேட்டேன். சரி, இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

கடை நிலைமை உனக்குத் தெரியாது. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு ஷோரூம் வந்துவிட்டது. ஃபேனை அங்கே வாங்கிவிட்டு, அதை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமென்றால் நம் கடைக்கு வருகிறார்கள். கொக்கியும் பல்பும் விற்று எத்தனை நாள் ஓட்டுவது? இந்த ஏஜென்சி வந்தால் கடை நிலைத்து நிற்கும். வராவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு, உன் மாமா பழையபடி யாராவது முதலாளியிடம் சம்பளத்துக்குப் போகவேண்டியதுதான். இந்த வயதில் அவர் அடுத்தவன் கடை வாசலில் நின்று "வாங்க சார், உள்ள வாங்க" என்று கூப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது.

ஷோரூமுக்குப் போட்டியாக ஆசைப்பட்டு ஒரு வாஷிங் மெஷின் எடுத்துவந்தாரே, உன் போட்டிக் கம்பெனியுடையது, அது இன்னும் கடை நடுவில்தான் நிற்கிறது. வண்டியிலிருந்து இறக்கும்போதே இவர் கைநழுவி, முன்பக்கம் கீழே இடது மூலை நசுங்கிப்போனது. யார் வாங்குவார்கள்? இப்போது அதன்மேல் டியூப்லைட்டுகளை அடுக்கியிருக்கிறோம்.

நேற்று உன் வெளிநாட்டுக் கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "உங்க தெரு மிடில் கிளாஸ் தெருவா மேடம்?" என்று கேட்டாள். மேடம் என்றதும் யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து தெருவில் கேட்டுப்பார்த்தேன். மாடி வீட்டு டீச்சர், "நான் மிடில் கிளாஸ். மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். பஸ் டிரைவர், "சம்பளம் கரைஞ்சப்பறம் வந்து கேக்குறீங்களே, நியாயமா? மொத வாரத்துல கேளுங்க, சொல்றேன்" என்றார். தையல்காரர் மனைவி, "எதுல வேணா எழுதிக்கோங்க அக்கா, கொஞ்சம் மேலயே எழுதுங்க" என்றாள்.

நாம் எது, தம்பி? படித்தவன், நீ சொல். சாமானைத்தான் பார்ப்பார்கள் என்கிறாய். ஏதாவது செய்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்கா,

நடுத்தர வர்க்கம் என்றால் யார் என்று மதியம் மேலே போய்க் கேட்டேன். ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர் என்றார் ஒருவர். ஃப்ரிட்ஜ் என்ன நிறம் என்று கவலைப்படுபவர் என்றார் அடுத்தவர். இன்னொருவர் கொஞ்சமும் யோசிக்காமல், "நம்மிடம் வாங்கப்போகிறவர்" என்றார். இதை வைத்துக்கொண்டு கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு நட்டுக்கு நான் இப்படி மூன்று அளவு எழுதிக் கொடுத்தால் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே நாம் எது என்று என்னைக் கேட்காதே. தெரு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். "ஏதாவது செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நாலு தடவை படித்தேன். எதுவும் செய்யாதே.

தம்பி

*

மார்ச் 3

தம்பி,

வந்தார், பார்த்தார், போனார். நெட்டையர் என்று தெருவே பெயர் வைத்துவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து குனிந்து நுழைந்து, கடைசி வீட்டுக்கு வரும்போது தானாகவே கூன் விழுந்த மாதிரி ஆகிவிட்டார். தங்கமான மனுஷன். கூட மொழிபெயர்க்க வந்த பெண்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். தையல்காரர் வீட்டில் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தார். அது நல்லதாகப் போயிற்று, எங்களுக்கும் நேரம் வேண்டியிருந்தது.

எதற்கு நேரம் என்று கேட்காதே. எனக்கும் இவருக்கும் பஸ் டிரைவருக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது. இவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறார். ஏன் என்றும் கேட்காதே.

போகும்போது நெட்டையர் தெருவைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நல்ல சேதி வரும் என்று மனசு சொல்கிறது. பயமாக இருந்தால் இதையும் நாலு தடவை படித்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

உட்கார்ந்து நிதானமாகப் படி.

நெட்டையர் எடுத்த போட்டோக்களை என் பிரிவுக்கு அனுப்பினார்கள். நம் ஊர் வீடுகளில் மெஷின் வைக்க எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முதல் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின். பக்கத்தில் பஸ் டிரைவர் மனைவி, சிரித்துக்கொண்டு. அடுத்த வீட்டிலும் மெஷின். அதற்கடுத்த வீட்டிலும். நான் ஊரைவிட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தெரு இப்படி மாறிவிட்டதா என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு எல்லா வீட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று கவனித்தேன். சரி, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம், கீழே, இடது மூலை. நசுங்கல். எல்லா வீட்டிலும் அதே நசுங்கல்.

தண்ணீர் ஹோஸ் எல்லாப் படத்திலும் பின்னால் சுருட்டியபடியே தொங்குகிறது. ஃபேக்டரியில் கட்டிய பட்டையைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. நெட்டையர் இதைப் பார்க்கவில்லையா என்றால், அவர் விற்பனைப் பிரிவு. மெஷினுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

எனக்குப் புரியாத இன்னொன்று: ஒரே ஒரு வீட்டில் மட்டும் மெஷின் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் பிழிந்து போட்ட துணி. அது உன் வீடு. ஊருக்கெல்லாம் கொடுத்தவள் உன் வீட்டில் ஏன் வைக்கவில்லை?

இப்போது உண்மையான சிக்கல். மேலே என்ன முடிவு செய்திருக்கிறார்கள் தெரியுமா? "இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் போட்டிக் கம்பெனியின் ஒரே மாடல் இருக்கிறது. இதை விற்ற கடைக்காரர் சாதாரண ஆள் இல்லை. உடனே அந்தக் கடையைப் பிடியுங்கள்." அக்கா, அது உன் கடை. ஒரு மெஷினைக்கூட விற்க முடியாத உன் கடை.

நான் சிரிப்பதா, அழுவதா? உடனே எழுது.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

இரண்டையும் செய். ஆனால் மெதுவாகச் செய், பக்கத்தில் யாராவது பார்க்கப்போகிறார்கள்.

ஏஜென்சி கிடைத்துவிட்டது என்று, அன்று மேடம் என்று கூப்பிட்ட பெண் நேற்றே போன் செய்துவிட்டாள். இவர் முதுகுவலியெல்லாம் பறந்துபோய், கடை போர்டை மாற்றி எழுத ஆள் பார்க்கிறார். முதல் லோடு எழுபது மெஷினாம். கடைப் பத்திரத்தை ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டால் அனுப்பிவைப்பார்களாம்.

மெஷின் விஷயம் நீ நினைக்கிற மாதிரி பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. முதலில் பஸ் டிரைவர் வீட்டில் மட்டும் வைக்கலாம் என்றுதான் சொன்னேன். உடனே தையல்காரர் மனைவி, "அப்ப நாங்க மட்டும் என்ன, வெறும் வீட்டக் காட்டணுமா?" என்று ஆரம்பித்தாள். ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்காமல் அதே தெருவில் குடியிருக்க முடியுமா? நெட்டையர் முன்பக்கம் டீ குடிக்கும்போது, பின்சந்து வழியாகத் தள்ளுவண்டியில் அடுத்த வீட்டுக்கு ஓட்டினோம். டீச்சர் வீட்டு மாடிப்படியில்தான் மாட்டிக்கொண்டோம். பாதிப் படியில் மெஷினோடு நிற்கிறோம், கீழே நெட்டையர் வந்து நிற்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைக் கையை மடித்துவிட்டு, தானும் ஒரு பக்கம் பிடித்து மேலே ஏற்றிக் கொடுத்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, நம் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றுதான் இவர் சொல்கிறார். இல்லையா?

அடுத்தது நம் வீடு. மெஷினை இறக்க யார் கையிலும் தெம்பு இல்லை. அதனால்தான் தொட்டி.

விற்காது என்று மட்டும் நினைக்காதே. பஸ் டிரைவர் மனைவி மெஷினுக்காக ஒரு மூலையில் இருந்த பழைய பெட்டியை நகர்த்தினாள். இன்னும் திரும்ப எடுத்து வைக்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும் அக்கா, எடம் பழகட்டும்" என்கிறாள். தையல்காரர் வீட்டில் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். அரைமணி நேரம் இருந்த சாமானுக்கு இவ்வளவு மரியாதை. நான் பொய் சொன்னேனா, இல்லை, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேனா? எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

இடம் பழகிவிடும். குழாய் பழகாது.

நம் தெருவில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், அதுவும் நூல் மாதிரி வரும். டிரம்மில் பிடித்து வைத்துத்தான் நாள் முழுக்க ஓட்டுகிறீர்கள். இந்த மெஷின்களுக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிரம்பும் என்று காத்திருக்கும், காத்திருக்கும், பிறகு சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். ரிப்பேர் இல்லை. அதன் புத்தியே அவ்வளவுதான். எழுபது பேரும் துணியை உள்ளே போட்டுவிட்டு, கதவு திறக்காமல் உன் கடை வாசலுக்கு வருவார்கள். அப்போது பத்திரம் யாரிடம் இருக்கும்?

நான் ஒன்றும் தர்மம் பேசவில்லை. ஓடாத மெஷினை ஓடும் என்று எழுதிக் கொடுக்க எனக்குக் கை வராது.

புதன்கிழமை மேலே ஒரு கூட்டம். அதில் சொல்லப்போகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. மாமாவிடமும் சொல்.

தம்பி

*

மார்ச் 25

சொல்லாதே.

நீ சொன்னதைத்தானே செய்தேன்? சாமானைப் பார்ப்பார்கள் என்றாய், சாமானைக் காட்டினேன். வேறு எதையாவது பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அதைக் காட்டியிருப்பேன். தண்ணீரைப் பற்றி அன்றைக்கே ஏன் வாயைத் திறக்கவில்லை?

இவர் பழைய போர்டைக் கழற்றிவிட்டார். கடைக்கு இப்போது பெயரே இல்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன வரப்போகுது?" என்று கேட்கிறார்கள். உன் மாமா சிரிக்கிறார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத் தெரியாது.

சொன்னால், இனிமேல் எனக்கு எழுதாதே.

*

ஏப்ரல் 2

அக்கா,

சொல்லிவிட்டேன். எழுதவும் செய்கிறேன்.

இரண்டு போட்டோக்களைத் திரையில் பக்கம் பக்கமாகப் போட்டு, நசுங்கலைக் காட்டினேன். பிறகு அடுத்த இரண்டு. நம் தெருவில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும் என்று சொன்னேன். கடை என் அக்காவுடையது என்றும் சொன்னேன்.

நெட்டையர் முகம் சிவந்துபோனது. மாமா சொன்னது தப்பு, அவருக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. மாடிப்படியில் உங்களைப் பார்த்ததும், டீச்சர் வீட்டுக்கு அப்போதுதான் புது மெஷின் டெலிவரி ஆகிறது என்று நினைத்தாராம். "நான் நிற்கும்போதே ஒரு மெஷின் விற்றது, நானே தூக்கி வைத்தேன்" என்று அறிக்கையில் வேறு எழுதியிருக்கிறார். மேலே எல்லோரையும் அசைத்தது அந்த ஒரு வரிதான். ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு எந்தப் பக்கமும் நேராகவில்லை.

கடைசியில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "மெஷின் அவர்களுடையது இல்லை என்றால், அந்த வீட்டுப் பெண்கள் ஏன் அவ்வளவு சந்தோஷமாக அதன் பக்கத்தில் நின்றார்கள்?" தண்ணீர் அழுத்தம் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எழுபது மெஷின் வராது. ஏஜென்சியும் இப்போதைக்கு இல்லை. எங்கள் கூடத்தின் மூலையில், மேல்மூடியைத் திறந்து வாளியால் தண்ணீர் ஊற்றினாலும் ஓடுகிற ஒரு மாடல் கிடக்கிறது. இதை யார் வாங்குவார்கள் என்று ஒதுக்கிய சரக்கு. பஸ் டிரைவர் மனைவியின் காலி மூலையைப் பற்றி நான் சொன்னதும் அதைத் தூசி தட்டச் சொன்னார்கள். ஒன்றே ஒன்றை நம் தெருவில் ஒரு வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். சரியாக ஓடினால் திரும்பப் பேசலாம் என்கிறார்கள். பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது.

எந்த வீடு என்று கேள்வி வந்தது. நெட்டையர் எழுந்து, போட்டோக்களில் மெஷின் இல்லாத ஒரே வீட்டைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இது சிபாரிசு இல்லை.

தம்பி

*

மே 20

அக்கா,

மூன்று தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவையும் மாமா எடுத்து, "அவ கடைக்குப் போயிருக்கா" என்றார். "எந்தக் கடைக்கு மாமா, பேரே இல்லையே?" என்றேன். பின்னால் நீ சிரித்தது கேட்டது.

மெஷின் இறங்கிவிட்டதாக இங்கே தகவல் வந்திருக்கிறது. ஓடுகிறதா? குலுங்குகிறதா? தண்ணீர் ஊற்றக் கஷ்டமாக இருக்கிறதா? என்மேல் கோபமாகவே இரு, பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் எழுது. அறிக்கை கொடுக்கவேண்டும்.

தம்பி

*

ஜூன் 8

திருப்புளிக்கு,

உன் அறிக்கைக்காகத்தான் எழுதுகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது, அதை அறிக்கையில் சேர்க்கவேண்டாம்.

ஓடுகிறது. முதலில் குலுங்கியது. இவர் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார், குலுக்கல் நின்றுவிட்டது. ஊற்றுகிற வாய் உயரமாக இருக்கிறது. நெட்டையரை அளவு வைத்துச் செய்தீர்களா? வாளியை நெஞ்சு உயரம் தூக்கவேண்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் இறக்கு. மூடி டப்பென்று விழுகிறது, விரல் போய்விடும்.

கடை நிற்கிறதா என்று நீ கேட்கவில்லை, பயமாக இருக்கும். ஷட்டரை இன்னும் இழுக்கவில்லை. இவர் காலையில் ஷோரூமுக்குத்தான் போகிறார், சம்பளத்துக்கு. வாசலில் நிற்க வைக்கவில்லை, வீடுகளில் ஃபேன் மாட்டும் வேலை. "கொக்கி வாங்க நம்ம கடைக்குத்தான் அனுப்புறேன்" என்று சிரிக்கிறார். நான் கடையில் இருக்கிறேன். சாயங்காலம் தெருப் பெண்கள் வந்து மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார்கள். வாங்குவார்களா என்று தெரியவில்லை. பஸ் டிரைவர் வீட்டு மூலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த நசுங்கின மெஷின் டீச்சர் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. இறக்க யாரும் வரவில்லை. அதன்மேல் விரிப்புப் போட்டு நோட்டுப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்.

அறிக்கையில் எங்கே எழுதுவாய் என்று தெரியாத ஒன்று இருக்கிறது. முதல் நாள் துணியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பட்டனை அழுத்தினேன். சுற்ற ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முன்னாலேயே நின்றேன். இவர் எட்டிப் பார்த்து, "என்ன பண்ற?" என்றார்.

"துவைக்கிறேன்."

"நின்னுக்கிட்டா?"

இன்றைக்கும் அப்படித்தான், மெஷின் நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். உட்கார்ந்தால் குற்றம் செய்கிற மாதிரி இருக்கிறது. நகர்ந்தால் அது நின்றுவிடுமோ என்று தோன்றுகிறது. அந்தப் போட்டோவில் பஸ் டிரைவர் மனைவி நின்றாளே, அப்படித்தான் நானும் நிற்கிறேன் போலிருக்கிறது. போட்டோ எடுக்க மட்டும் யாரும் இல்லை.

உன் மூன்று மாடி மேலே இருக்கிறவர்களைக் கேட்டுச் சொல், தம்பி. வேலை தானாக நடக்கும்போது உட்காரத் தெரியாதவள், அந்தக் கோட்டில் எங்கே வருவாள்?

அக்கா